ஆறு நாள் மாடு

அந்தக் காலத்தில் என் வேலையைப் பெண் கேட்கப் போகும் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சாகக் கிடக்கும் மாட்டின் பித்தத்தை எடுத்து, நன்றாக இருக்கும் மாட்டுக்கு ஊசியாகப் போட்டுப் பார்க்கும் ஒரு மாட்டு டாக்டர் துரைக்கு நான் கையாள். பெயர் மட்டும் டிரஸ்ஸர், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன். துரைக்கு இங்கிலீஷை விட்டால் வேறு வாய் கிடையாது. கோலார் பக்கத்து ஜனங்களுக்கோ தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று வாய். நடுவில் நான்.

அது வெக்கை நோய் வந்த வருஷம். கன்னடக்காரர்கள் தொட்ட ரோகம், பெரிய நோய், என்பார்கள். வட ஆற்காட்டிலிருந்து வந்த எங்கள் பெண்கள் நோயின் பெயரையே சொல்லமாட்டார்கள். மாட்டுக்கு அம்மா வந்திருக்கா என்று கொட்டகையில் வேப்பிலை செருகிவிடுவார்கள். தங்கச் சுரங்கத்துப் பாய்லர்களுக்கு விறகு இழுக்கும் வண்டி மாடுகள் விழ ஆரம்பித்ததும் துரையை வரவழைத்தார்கள். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. துரைக்கு வேண்டியது நோய் கண்டு ஆறு நாள் ஆன மாடு. அதற்கு முன்னால் அறுத்தால் பித்தம் முற்றியிருக்காது. ரொம்பத் தள்ளிப்போட்டால் மாடு தானாகச் செத்து, பித்தமும் கெட்டுவிடும். எந்த மாட்டுக்கு எத்தனை நாள் என்று சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லைன் லைனாகப் போய் விசாரிப்பது என் பொறுப்பு.

அப்படித்தான் அவள் வீட்டுக்கும் போனேன். அங்கே அண்ணனும் தங்கையும் மட்டும். அவன் சுரங்கத்து ஷாஃப்டில் இறங்குகிறவன். அவள் ஒரு கறவை மாட்டை வைத்துக்கொண்டு லைனுக்குப் பால் ஊற்றுவாள். மாட்டுக்கு நோய் வருவதற்கு முன்பே எனக்கு அந்த வாசல் பழக்கம். பால் தேவைப்படாத நாளிலும் செம்பைத் தூக்கிக்கொண்டு போய் நின்றவன் நான். செம்பை நிரப்பிக் கொடுத்துவிட்டு, இன்னும் இன்னா என்பதுபோல் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காக இந்த வயதிலும் ஏங்குகிறேன். எழுத எனக்கு வெட்கமில்லை.

அன்று மாடு தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"அண்ணனுக்கு ஆறு நாள் ஆவுது," என்றாள்.

நான் கூட வந்திருந்த துரையிடம் ஆறு நாள் என்றேன். வாயில் புண் இப்போதுதான் கிளம்புகிறது, நன்றாகக் கேட்டாயா என்றார் துரை. கேட்டேன் என்று அடித்துச் சொன்னேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் திரும்பக் கேட்கத் தோன்றவில்லை.

மாட்டைக் கொடுக்க அவளைச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். இனி இது பிழைக்காது, இதன் பித்தத்தால் மற்ற மாடுகளாவது பிழைக்கட்டும் என்று நயமாகப் பேசினேன். துரை சொன்னால் கேட்டிருக்கமாட்டாள். நான் சொன்னதால் கேட்டாள். கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொட்டகைக்குப் பின்னால் மாட்டை அறுத்தோம். பித்தம் கரும்பச்சையாக, கெட்டியாக இருக்க வேண்டும். இது வெளிர் மஞ்சளாகத் தண்ணீர்போல் இருந்தது. துரை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இது மூன்றாம் நாள் மாடு, விட்டிருந்தால் பிழைத்தாலும் பிழைத்திருக்கும் என்றார். பித்தத்தைக் குழியில் ஊற்றி, மாட்டையும் தள்ளி, சுண்ணாம்பு போட்டு மூடச் சொன்னார். அதையெல்லாம் குழி தோண்டிய ஆளுக்குத் தமிழில் சொன்னதும் நான்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷாஃப்டில் இறங்குகிறவர்கள் வீட்டில் நாள் என்றால் ஷிப்ட். ஒருவன் ஒரே நாளில் இரண்டு ஷிப்ட் பார்த்தால் ரெண்டு நாள் முடித்தான் என்பார்கள். அந்த வாரம் அவள் அண்ணன் டபுள் ஷிப்ட். அவள் சொன்ன ஆறு நாள், சூரியனுக்கு மூன்று நாள். அண்ணனுக்கு என்று முதலிலேயே சொன்னாளே! எட்டு மாதமாக அந்த லைனில் திரிந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். காது இருந்தது, புத்திதான் செம்பைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அடுத்த வாரம் பக்கத்துக் கிராமத்தில் சரியான மாடு ஒன்று கிடைத்தது. அதன் பித்தத்தில் ஊசி போட்ட வண்டி மாடுகள் பெரும்பாலும் நோய்க்குத் தப்பின. துரை சந்தோஷத்தில் எனக்குக் கை கொடுத்தார். எனக்குக் கை கூசியது.

ஒரு சாயங்காலம் கிணற்றடியில் அவளே என்னைப் பிடித்துக்கொண்டாள். தன் மாடு வீணாகப் போகவில்லையே என்று கேட்டாள். வண்டி மாடெல்லாம் அதனால்தான் பிழைத்தன என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவள் என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணன்கிட்ட வந்து பேசுங்க. இன்னா பயம்?" என்றாள்.

எத்தனையோ நாள் காத்திருந்த வார்த்தை. மறுநாளே போயிருக்க வேண்டும். ஆனால் அதற்குள், விறகு வண்டி போகும்போதெல்லாம் அவள் வாசலுக்கு வந்து, எங்க மாடு குடுத்த உசுரு என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டேன். காலம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க என்னால் ஆகாது. உண்மையைச் சொல்லவும் துணிச்சல் இல்லை. துரை வேறு தாலூக்காவுக்குக் கிளம்பியபோது சொல்லாமல் கொள்ளாமல் நானும் வண்டி ஏறிவிட்டேன்.

பல வருஷம் கழித்துக் கோலார் சந்தையில் அவள் அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். தங்கை நந்திதுர்க்கில் வாழ்க்கைப்பட்டு மூன்று பிள்ளைகளோடு இருப்பதாகச் சொன்னான். வந்த வரன்களை இரண்டு வருஷம் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாளாம். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மூன்றாம் நாள், மஞ்சள் பித்தம், குழி, கிணற்றடியில் சொன்ன பொய், எல்லாவற்றையும் சந்தை நடுவில் நின்று அவனிடம் கொட்டிவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "குழி தோண்டனவன் அன்னிக்கே வந்து சொல்ட்டான் ஐயா. அவளுக்கும் தெரியும். உங்க மேல யாரும் பழி சொல்லக்கூடாதுன்னுதான் லைன் பூரா அப்பிடி சொல்லிகினு இருந்தா," என்றான். நேரமாகிறது என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.

கிணற்றடியில் என்னை வரச் சொன்னபோது அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறாள்.