முருங்கைமரத்தை விசாரித்தவர்

காலையில் பால் வாங்குவது சிங்காரவேலின் வேலை. எந்த ஷிப்டாக இருந்தாலும் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பூத் நாலு தெரு தள்ளி. போய்வரப் பத்து நிமிடம். இந்த மார்கழியிலிருந்து அது அரைமணி ஆகிவிட்டது.

ஆள் கம்மாபுரத்துக்காரர். நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்டாகச் சேர்ந்து பெர்மனன்ட் ஆனவர். இருபத்தாறு வருடமாக கன்வேயர் பெல்ட்டில் வேலை. அந்த இரைச்சலில் பேசி என்ன பயன் என்று பேச்சையே குறைத்துக்கொண்டவர். அப்படிப்பட்டவரைப் பற்றி, பக்கத்துத் தெரு ராமசாமி ஒருநாள் மார்க்கெட்டில் அவர் மனைவி அமிர்தத்திடம் கேட்டார்.

"ஏம்மா, உங்க வூட்டுக்காரரு தெனம் நின்னு எங்க முருங்கமரத்த விசாரிச்சிகினு போறாரே, மரத்துக்கு எதுனா ஆயிடுச்சா?"

மறுநாள் அமிர்தம் கணவனுக்கு இருபதடி பின்னால் போனாள். முருங்கைமரத்தடியில் நின்றார். ராமசாமி வீட்டு கேட்டில் யாருமில்லை. ஆனாலும் மரத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு கை கெண்டைக்காலைப் பிசைந்தது. ஒரு நிமிடம் கழித்து நடை. அடுத்து டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றார்.

"என்னங்க, டிரான்ஸ்பார்மர் சௌக்கியமா?" என்றாள் பின்னாலிருந்து.

அன்றே அமிர்தம் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் பாதத்தில் நாடி தேடினார். வலது பாதத்தில் லேசாகத்தான் கிடைத்தது. ஸ்கேன் எடுத்து, மாத்திரை எழுதிக் கொடுத்தார். "நடங்க. வலிச்சா நில்லுங்க, திரும்ப நடங்க. சிகரெட் மட்டும் ஒண்ணுகூடக் கூடாது. விடலன்னா காலுக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து."

மாலை ராமசாமி பார்க்க வந்தார். சிங்காரவேலுக்கு எங்கிருந்துதான் பேச்சு வந்ததோ.

"ஒரு பெல்ட்லேருந்து அடுத்த பெல்ட்டுக்குக் கரி கொட்டற வாய் இருக்குல்லங்க, மழையில அதுல ஈரமண்ணு அப்பிக்கும். ரத்தக்குழாயும் அப்படித்தான். உள்சுவத்துல கொழுப்பு சேந்து சேந்து தடிச்சிடுது. சும்மா ஒக்காந்தா தெரியாது. நடந்தா காலு கூடுதலா ரத்தம் கேக்குது, வர வழியில்ல, வலிக்குது."

"கம்பி வுட்டுக் குத்தினா?"

"நானும் கேட்டேன். டாக்டரம்மா சிரிச்சாங்க. தடிப்பு தானா வெடிச்சாலே ஒடம்பு அத காயம்னு நெனச்சிகினு ரத்தத்த உறைய வெச்சி மூடப் பாக்குமாம். அந்தக் கட்டி மிச்ச வழியையும் அடச்சிடும். நெஞ்சுல அடச்சா அட்டாக்கு, மூளையில அடச்சா பக்கவாதம்."

"சிகரெட்டு என்னா பண்ணுதாம்?"

"அதுதான் மொதல்ல சுவத்தக் கெடுக்குது. ரத்தத்தையும் சீக்கிரம் உறைய வெக்கிது."

"பேசாம நீங்களே டாக்டருக்குப் படிச்சிருக்கலாங்க," என்று ராமசாமி செருப்பை மாட்டினார்.

அமிர்தம் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கே நல்லா வெளங்கிடுச்சி. சட்டப் பாக்கெட்ல இருக்கறத இப்பிடிக் குடுங்க."

சிங்காரவேலின் கை பாக்கெட்டுக்குப் போய், சிகரெட் பெட்டியின் மேல் அப்படியே நின்றது.

"குடுக்கறீங்களா, இல்லியா?"

அவர் எழுந்தார். கையை எடுக்காமலே கூடத்தைவிட்டு வெளியே போனார்.