ஒன்று மட்டும் கவிதை

பொம்மிடியில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சுவீடன்காரர் வாடகை வீட்டில் இருந்தார். அவர் மனைவி மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்றில் டாக்டராக இருந்து, இங்கேயே இறந்தவர். கல்லறை இங்கே இருப்பதால் அவர் ஊர் திரும்பவில்லை. தன் நாட்டில் அவர் கவிஞர். கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த பேராசிரியர். பழைய கிரேக்க நாடகங்களை அதே சந்தத்தில் தன் மொழிக்குக் கொண்டுபோனவர். தமிழைப் புத்தகம் பார்த்துக் கற்றிருந்தார்.

"தேநீர் கிடைக்குமா, ஐயா?" என்று டீக்கடையில் கேட்பார்.

"கிடைக்கும் மன்னா, அமருங்கள்" என்பார் கடைக்காரர். கடையே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார், எதற்கென்று தெரியாமல்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குக் கடத்தூர் பகுதிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். அவரைப் பற்றி எழுதலாம் என்று போய், பிறகு எழுதாமலே போய்க்கொண்டிருந்தேன். அவர் அப்பா பாதிரியார். சாப்பிடும்போது லத்தீன் பாடம் கேட்பாராம். பையன் தப்பாகச் சொன்னால் தட்டை எடுத்துவிடுவாராம். பல்கலைக்கழகத்தில் இவர் தன் முதல் கவிதைகளை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறார். ஆசிரியர் திருப்பிக் கொடுத்து, "இதில் ஒன்று மட்டும் கவிதை" என்றார். எது என்று சாகும்வரை சொல்லவில்லை.

"அதைத் தேடித்தான் மற்ற நூல்களை எல்லாம் எழுதினேன்" என்றார் சுவீடன்காரர். தனக்குக் கிடைத்த பெரிய கொடையைப் பற்றிப் பேசுகிறவர் போலத்தான் சொன்னார்.

கடத்தூரில் ஓர் இலக்கிய அமைப்பு இருந்தது. அதன் தலைவருக்குப் புளி மண்டி. அம்மா, மழை, தமிழ் இவற்றைப் பற்றிக் கவிதை எழுதுவார். தொகுப்பாகப் போட நினைத்தபோது, வெள்ளைக்காரர் அணிந்துரை எழுதினால் எடுப்பாக இருக்கும் என்று கேட்டு வாங்கினார். எங்கள் பக்கம் அணிந்துரையை யாரும் படிப்பதில்லை. பாராட்டத்தான் போகிறார்கள், அதில் படிக்க என்ன இருக்கிறது? தலைவரும் படிக்கவில்லை. புளி சீசன். மண்டியில் இருந்தபடியே வாட்ஸப்பில் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்.

வெளியீட்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தொகுத்து வழங்கிய பள்ளி ஆசிரியர் அணிந்துரையை மேடையில் உரக்கப் படித்தார். அவரும் முன்கூட்டிப் பார்த்திருக்கவில்லை. விருது அறிவிக்கும் குரலிலேயே கடைசிவரை படித்தார்: "இந்நூலில் ஒன்றே ஒன்று கவிதை! அது எதுவென்று நூலாசிரியர் தேடிக் கண்டடைவாராக!"

கூட்டம் கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"அப்ப மத்ததெல்லாம் என்னங்க, புளியா?"

அன்றிலிருந்து தலைவருக்கு 'ஒத்தக் கவிதை' என்று பெயர். லோடு ஏற்ற வருகிற லாரி டிரைவர்கூட, "ஒத்தக் கவிதை மண்டி எதுங்க?" என்று வழி கேட்டார்.

தலைவர் கோபப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. என்னை அழைத்துக்கொண்டு பொம்மிடிக்குப் போனார். "அது எதுன்னு மட்டும் சொல்லிருங்க ஐயா. வேற ஒண்ணும் வேணாம்" என்றார். சுவீடன்காரர் அன்பாகத் தலையசைத்தார்.

"தாங்களே தேட வேண்டும். சொல்லிவிட்டால் தங்களிடமிருந்து அதைப் பறித்தவன் ஆவேன்."

அடுத்த ஆண்டு சுவீடன்காரர் நேராகத் தமிழிலேயே எழுதிய கவிதைகள் புத்தகமாக வர இருந்தன. தலைவரிடமே அணிந்துரை கேட்டார். "குறைகளை மறைக்க வேண்டாம்" என்றும் சொன்னார். தலைவர் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து கொடுத்தார். அவர் வேட்டி கட்டுவது, கையால் சாப்பிடுவது, செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவது எல்லாம் அதில் இருந்தது. கவிதைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதே மண்டபம். மேடையை ஒட்டிக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பொன்னாடை போர்த்தும்போது தலைவர் அவர் காதருகே குனிந்தார்.

"முழுக்கப் படிச்சேங்க ஐயா. ஒண்ணு மட்டும் கவிதைங்க. எதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

நான் எடுத்த படத்தில் தலைவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பொன்னாடைக்குள் இருக்கிற கிழவரின் வாய் திறந்திருக்கிறது.

அதன்பிறகு மண்டிக்கு அவரிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. தலைவர் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். புளியில் கொட்டை எடுக்கும் பெண்கள் கையை நிறுத்திக் காத்திருப்பார்கள்.

"வணக்கம் ஐயா. கல்லறையைப் பற்றியதா?"

"இல்லீங்க ஐயா. இன்னும் கொஞ்சம் தேடுங்க."

"அந்தாளுக்குப் பொண்டாட்டி மேல எழுதுனதுகூடத் தேறலியா?" என்று ஒரு பெண் கேட்டார். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கும் கேட்டிருக்கும். "நன்றி ஐயா" என்று சொல்லித்தான் எப்போதும் போனை வைப்பார்.

உடம்பு முடியாமல் போகவே, உறவினர்கள் வந்து அவரைச் சுவீடனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கிருந்தும் போன் வந்தது. குரல் இளைத்திருந்தது. ஒரு தடவை, முன்பு கேட்ட கவிதையையே மறுபடி கேட்டார். "அதத்தான் போன வாரமே இல்லேன்னனே" என்றார் தலைவர்.

அவர் இறந்த செய்தி எனக்குத்தான் வந்தது. மண்டிக்குப் போய்ச் சொன்னேன். தலைவர் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். ஏனென்று தெரியவில்லை. இரங்கல் கூட்டத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும், நல்ல படம் இருந்தால் அனுப்பு என்றார்.

"இப்பவாவது சொல்லுங்கண்ணா. அவரு புத்தகத்துல எது?" என்றேன்.

"நா எங்கப்பா படிச்சேன்? அட்டையக்கூடத் தொறக்கல."

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. கொட்டையை எடுத்துத் தகரத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கிளம்பினேன். வண்டிவரை கூடவே வந்தவர், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அவரு வூட்டுக்கு அடிக்கடி போவியே. என்னுது எதுன்னு உங்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"இல்லீங்கண்ணா."

"அவசரப்படாத" என்றார், பிடியை விடாமல். "நல்லா ரோசன பண்ணிச் சொல்லுப்பா."