லொறி வில்லு பூட்டிய எங்கள் கார்

தோழிகளே, இதை வேறு ஒருவருக்கும் காட்டாதீர்கள்.

மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுவர அரசாங்கத் தடையல்லவா? பாரத்தில் காரின் பின்பக்கம் தாழ்ந்தால் பொலிஸ் பிடிக்கும் என்று, அப்பா பழைய லொறியின் பாரம் தாங்கும் வில்லுத் தகடுகளைக் காருக்குப் பூட்டினார்.

இன்று பரந்தனிலிருந்து வந்தோம். பின் ஆசனத்துக்குக் கீழே அரிசி, மேலே நானும் அம்மாவும். கார் நிமிர்ந்தே நின்றது. மறித்த பொலிஸ்காரர் ஒன்றும் சந்தேகிக்கவில்லை.

"கொடிகாமம் வரைக்கும் நானும் வாறன்" என்று என் பக்கத்தில் ஏறிவிட்டார்.

அரிசியின் மேல் பொலிஸ்! பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு குழியில் அவர் தலை கூரையில் இடித்தது. "என்ன ஐயா, உது காரோ மாட்டுவண்டிலோ?"

"லொறி வில்லு. மலிவாப் பூட்டினனான்" என்றார் அப்பா.

"இவ்வளவு பேர் ஏறியும் பின்பக்கம் பதியேல்லையே! என்ரை காருக்கும் வேணும். இரவைக்கு உங்கடை வீட்டை வந்து பாக்கிறன்."

அம்மா குசினி அடுப்பருகில் இப்போதுதான் அரிசி மூட்டையை அவிழ்க்கிறார். உங்கள் வீட்டில் என்றால் எங்கே ஒளிப்பீர்கள்? கெதியாய்ச் சொல்லுங்கள், யாரோ கதவைத் தட்டு