அணைக்கக் கூடாத பெட்டி

அலிப்பூர் கோர்ட்டுக்குப் பின்தெருவில் பாலசுப்ரமணியனின் கடை இருக்கிறது. பித்தளைத் தகட்டில் பெயர் வெட்டிக் கொடுக்கும் கடை. வக்கீல்களின் பெயர்ப்பலகை, கிளப்புகளின் கேடயம், கட்டடத் திறப்புவிழாத் தகடு, எல்லாம் அங்கே வரும். வெட்டிய எழுத்துக்குள் கறுப்புப் பெயிண்ட் நிரப்புவது காமுவின் வேலை. பதினோரு வருஷமாக அதே மேஜை, அதே மெல்லிய பிரஷ்.

காமு அதே ஊரில், பெஹாலா பேட்டையில் பிறந்த தமிழ்ப்பெண். ஏழாவது வரை வங்காளிப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அம்மா படுத்த படுக்கையானதும் படிப்பு நின்றது. இங்கிலீஷ் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் 'அட்வகேட்' என்ற சொல்லின் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஆயிரம் தடவை பெயிண்ட் விட்டால் அது தானாக மனதில் ஏறிவிடும். பெரிய எழுத்தில் எழுதினால் நிறைய வார்த்தைகள் அவளுக்குத் தெரியும். தெரியும் என்று யாரிடமும் சொன்னதில்லை. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவது ஒரு பழைய கம்ப்யூட்டர். பக்கவாட்டில் சிவப்பு சுவிட்ச் வைத்த, பழுத்த நிறப் பெட்டி. அதை அணைக்கவே கூடாது என்பது கடையின் சட்டம். கடையைப் பூட்டினாலும், கொஞ்ச நேரம் கரண்ட் போனாலும், இன்வெர்ட்டர் பேட்டரியில் அது உள்ளே உறுமிக்கொண்டே இருக்கும். ஏன் என்று காமு கேட்டதில்லை. பாலசுப்ரமணியனுக்கும் சரியாகத் தெரியாது. ஐந்து வருஷத்துக்கு முன் பெரிய புயல் வந்து நாலு நாள் கரண்ட் இல்லாமல் போனபோது பெட்டி படுத்துக்கொண்டது. உத்தமன் என்ற மெக்கானிக் வந்து அதை எழுப்பினார். ஊரடங்கு சமயம் என்பதால் பாலசுப்ரமணியன் வீட்டிலேயே இருந்தார். கரண்ட் திரும்பியும் விளக்கு எரியாத கடையைத் திறந்துவிட்டு, உத்தமனுக்கு டார்ச் பிடித்தவள் காமு. "இனிமே அணைக்காதீங்க" என்று உத்தமன் முதலாளியிடம் போனில் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் அவர் சேலத்துக்கே போய்விட்டார். அவர் கொடுத்த நம்பர் இப்போது யாரோ ஒரு முட்டை வியாபாரியிடம் இருக்கிறது.

மழை ஈரத்தில்தான் பெட்டி கெட்டது, அணைந்துபோனதால் இல்லை என்று காமு நினைத்திருந்தாள். அதனால்தான் இந்த செப்டம்பரில் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

விஸ்வகர்மா பூஜை அன்று பாலசுப்ரமணியன் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தார். ஆயுத பூஜைக்கு ஊரே துர்கா பூஜையில் மூழ்கிக் கடை மூடியிருக்கும் என்பதால், இங்கே கருவிகளுக்குப் பொட்டு வைப்பது விஸ்வகர்மா பூஜையன்றுதான். சாவி காமுவிடம் இருந்தது. அன்றைய வழக்கப்படி வானமெல்லாம் காற்றாடி. தெருவில் மோட்டார் ஷெட்டும் அச்சகமும் சத்தமில்லாமல் கிடந்தன. டிரில், அரம், வெட்டும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாள். கம்ப்யூட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வேலை செய்கிறவனை நிறுத்தாமல் நெற்றியில் பொட்டு வைப்பது மாதிரி அவளுக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு நாளாவது உட்காரட்டுமே. சிவப்பு சுவிட்சை அழுத்தினாள். உலர்ந்த துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டாள். அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதேயில்லை.

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டாள். பெட்டி ஒரு தடவை கூவியது. திரையில் எண்கள் ஓடின. அப்புறம் நாலு வரி எழுத்து வந்து அப்படியே நின்றது. ஒரு மணி நேரம் அதன் எதிரே நின்றாள். மாலையைக் கழற்றிப் பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை.

சனிக்கிழமை பாலசுப்ரமணியன் ஊரிலிருந்து வந்தார். கூடவே மகள் ஸ்னேகா. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அவள் மவுஸைத் தேடினாள். மவுஸே இல்லை.

"துர்!" என்று வங்காளிகள் மாதிரி அலுத்துக்கொண்டாள். "இது என்ன அப்பா, மியூசியமா? அம்புக்குறி தட்டித் தட்டிப் போகணும் போலிருக்கே." நீலத் திரை ஒன்றைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "டிஸ்க் போயிடுத்துப்பா. 'நாட் இன்ஸ்டால்ட்'ங்கறது."

காமுவும் எட்டிப் பார்த்தாள். 'இன்ஸ்டால்ட்' அவளுக்குத் தெரிந்த வார்த்தைதான். திறப்புவிழாத் தகடுகளில் தேதிக்கு முன்னால் வரும். வைக்கப்பட்டது. அப்படியானால் இது, வைக்கப்படவில்லை. பெட்டிக்குள் இருக்கிற ஒன்றை வைக்கவே இல்லை என்று பெட்டியே ஏன் சொல்கிறது?

பாலசுப்ரமணியன் நாற்காலியில் சாய்ந்தார். "அத்தனை டிசைனும் அதுக்குள்ளதான் இருக்கு. புது மெஷின் வாங்கற வயசா எனக்கு? பக்கத்து மொபைல் கடைக்காரன் இடத்தைக் கேட்டுண்டே இருக்கான். குடுத்துட வேண்டியதுதான். காமு, நீயும் வேற இடம் பார்த்துக்கோம்மா."

பிரஷ் அவள் கையில் காய்ந்துகொண்டிருந்தது. சொல்லாமலிருந்தால் வயதாகிச் செத்தது என்று பெட்டி எடைக்குப் போகும். கடையும் போகும். சொன்னால் கடை போகாதா என்பதும் தெரியவில்லை. தான் போவது மட்டும் நிச்சயம் என்று தோன்றியது.

"மாமா, அதை நான் அணைச்சேன்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"பூஜையன்னிக்கி. பொட்டு வைக்கறதுக்கு. மறுநாள் கார்த்தாலதான் போட்டேன்."

"அணைக்காதேன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்! உனக்கென்ன காது கேக்காதா?"

"இருப்பா, கத்தாதே." ஸ்னேகா காமுவிடம் வந்தாள். "அணைச்சப்புறம்தான் இப்படியா மாமி? அதுக்கு முந்தி நன்னா ஓடிண்டு இருந்துதா?"

"ஓடித்து."

ஸ்னேகா போனில் எதையோ தேடித் தேடிப் படித்தாள். பிறகு சிரித்தாள். "டிஸ்க் போகலை. இது மறந்துடுத்து. உள்ள பயாஸ்னு ஒண்ணு இருக்கு மாமி, சிப்புல எழுதின புரோகிராம். சுவிட்ச் போட்டதும் அதுதான் முதல்ல முழிச்சுக்கும். மெமரியை எண்ணும், கீபோர்டைப் பார்க்கும், டிஸ்கைத் தேடி எழுப்பிவிடும். எந்த மாதிரி டிஸ்க், இன்னிக்கி என்ன தேதிங்கறதை மட்டும் ஒரு குட்டி பேட்டரி ஞாபகம் வெச்சுக்கணும். இதுல அது கடிகார சிப்புக்குள்ளயே அடைச்சு வெச்சது. எப்பவோ தீர்ந்துபோச்சு. கரண்ட் இருந்ததால ஓடிண்டு இருந்தது. இதோ பாருங்கோ, இன்னிக்கி ஜனவரி ஒண்ணு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுங்கறது!"

"அப்போ டிஸ்க் உள்ளதானே இருக்கு? தொட்டுப் பார்த்துக்கக் கூடாதா?"

"இப்போ வர்ற மெஷினெல்லாம் தானே கேட்டுத் தெரிஞ்சுக்கும். இது நாம சொன்னாத்தான் நம்பும். டிஸ்கோட அளவை, எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், எத்தனை செக்டார்னு மூணு நம்பரா போடணும்."

மூடியைக் கழற்றினார்கள். டிஸ்கின் மேல் அந்த நம்பர்களோடு ஒட்டியிருந்த காகிதம், புயல் ஈரம் ஏறி இந்த ஐந்து வருஷத்தில் இற்றுக் கரைந்து, அழுக்குக் கறையாக மிச்சமிருந்தது. ஸ்னேகா கையை விரித்தாள்.

காமு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரி. அதில் காலியாகக் கிடந்த கட்டங்கள். டார்ச் வெளிச்சத்தில் உத்தமனின் விரல் அங்கேதான் நின்றது. பெட்டி எழுந்ததும் அவர் வெட்டும் இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு துண்டுத் தகட்டில் எதையோ வெட்டினார். "இதை எங்கயாவது பத்திரமா வெச்சுக்கோங்க" என்று அவளிடம் கொடுத்தார். என்ன ஏது என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எழுத்து வெட்டிய தகடு கைக்கு வந்தால் அவள் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். பெயிண்ட் நிரப்பினாள்.

தன் மேஜைக்குப் போய் டர்பன்டைன் பாட்டிலைத் தூக்கினாள். பாட்டிலுக்கு அடியில், கறை படிந்து, உள்ளங்கை அகலத்தில் அந்தத் தகடு.

776 8 33.

"இது மூணு நம்பர்தானே?" என்றாள், தப்பாக இருக்குமோ என்ற குரலில்.

ஸ்னேகா தகட்டைக் கையில் வாங்கினாள். தட்டத் தொடங்கினாள். முதலில் நாற்பத்தேழு, அதாவது நம்பரை நாமே போடுகிற வகை, அதற்கப்புறம் தகட்டில் இருந்தபடியே. பெட்டி மறுபடி கூவியது. எண்ணியது. அப்புறம் உள்ளே எங்கோ நகம் கடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பதினோரு வருஷமாகக் கேட்ட சத்தம். திரையில் டிசைன்களின் பட்டியல் வரிசையாக வந்தது.

பாலசுப்ரமணியன் எழுந்து டீக்கடைக்குப் போனார். திங்களும் செவ்வாயும் காமுவோடு பேசவில்லை. வெட்டிய தகடுகளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அது கோபமா, வேலையை விட்டுப் போகச் சொல்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. தகடுகள் வந்துகொண்டிருந்ததால் பெயிண்ட் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை அந்தத் துண்டுத் தகட்டை அவள் முன்னால் போட்டார்.

"நாலு மூலைலயும் ஓட்டை போடு."

"எதுக்கு மாமா?"

"பெட்டி மேலயே முடுக்கிடலாம். நாளைக்கி நான் இல்லாதப்போ நீ மறுபடி பொட்டு வைக்கக் கிளம்பினேன்னா?"

பெட்டியில் சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. துடைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் காமு அதை விட்டுவிட்டாள். டிரில்லை எடுப்பதற்கு முன் தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். எட்டின் கீழ்வளையத்தில், அன்றைக்கு டார்ச் வெளிச்சத்தில் பெயிண்ட் கொஞ்சம் வெளியே வழிந்திருந்தது. துணியில் டர்பன்டைன் தொட்டு அதைத் துடைத்து, எட்டை மட்டும் மறுபடி நிரப்பினாள்.