பூட்டாத சின்னப் பகுதி

எதையும் இரண்டு முறை பூட்டிப் பார்க்கிற ஆள் நான். டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் போகும் மகளின் லேப்டாப் திருடுபோனால் என்ன செய்வது என்று பயந்து, லினக்ஸ் போட்டு, டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டச் சொன்னதும் நான்தான்.

போன ஞாயிறு அவள் குளிக்கப் போனபோது, திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தேன். டிஸ்க்கில் ஒரு சின்னப் பகுதி மட்டும் பூட்டப்படாமல் இருந்தது. திருடனுக்கு வழி என்று நினைத்து அதை அழித்துவிட்டு, லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டேன். கறுப்புத் திரைதான் வந்தது. உள்ளே அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி.

ஈரத் தலையோடு வந்தவளிடம் நடந்ததைச் சொன்னேன். வங்காளமும் தமிழுமாகப் பதில் சொன்னாள்.

“கிச்சு ஹொய்னி, ஒண்ணும் ஆகலப்பா. எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. பாஸ்வேர்டு கேக்கற இடத்தைத்தான் நீ அழிச்சுட்ட. அதையும் பூட்டிட்டா யாருப்பா நம்மள கேக்கறது?”

பென்டிரைவிலிருந்து லேப்டாப்பை இயக்கி, அந்தப் பகுதியை மறுபடி உருவாக்கினாள். கடைசியில் திரை கடவுச்சொல் கேட்டது. அவள் தட்டுவதைப் பார்க்கக் கூடாதென்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள்.

“நீயே போடுப்பா. சொல்றேன்.”

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அழித்த அதே விரல்களால் தட்டினேன். பூட்டு திறந்தது; அவளுடைய மூன்று வருடமும் உள்ளே அப்படியே இருந்தது.