எல்லைக்கு வெளியே ஒன்றரை கிலோமீட்டர்

1. மூன்று மெமோ

மேரி அக்கா மூன்று தாள்களை என் மேஜையில் வரிசையாக வைத்தார். மூன்றிலும் ஒரே வரி: "பணி நேரத்தில் எல்லையை மீறிச் சென்றுள்ளீர்கள்."

"இன்னா பாப்பா, நான் எங்க ஓடிப் பூட்டேன்?"

அவர் வில்லியனூர் டிரஸ்ட் ஒன்றில் நர்ஸ், காண்ட்ராக்ட் வேலை. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்கு வேனில் போய் டியூப் மாற்றுவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார். மெமோவை அனுப்பியது அவர் கையில் கொடுத்திருந்த டேப்லெட். அதன் சாஃப்ட்வேர் எங்கள் கம்பெனியுடையது. நிறுவியது நான்.

புதுச்சேரி எல்லையை மேப்பில் கோடாகப் போட்டிருந்தோம். வண்டி கோட்டைத் தாண்டினால் டேப்லெட் பூட்டிக்கொள்ளும், மெமோ தானாகப் போகும். நாலாவது மெமோ வந்தால் வேலை போய்விடும்.

2. நாலு ரவுண்டு

நிறுவும் முன்பே மேனேஜருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்: எல்லையை ஒட்டிப் போகும் மண்ணாடிப்பட்டு ரூட்டில் ஒரே ஒரு வேனில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுவரை மெமோ போகக் கூடாது.

"பைலட், அதான் சோதனை ஓட்டம், முடிஞ்சிடுச்சும்மா" என்றார் மேனேஜர்.

"எங்க சார்?"

"டிரஸ்ட் காம்பவுண்டுலயே நாலு ரவுண்டு அடிச்சோம். ஒரு எரர் கூட இல்ல."

காம்பவுண்டுக்குள் எந்த எல்லை வரும் என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். எல்லா வேனுக்கும் ஒரே நாளில் டேப்லெட் போனது. கேக் வெட்டினார்கள்.

மேரி அக்காவின் மெமோக்களை மேனேஜரிடம் காட்டியபோது, "அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம், இப்ப எதையும் தொடாத" என்றார். நானும் காத்திருந்தேன். அதுவும் என் கணக்கில்தான்.

3. வளைவு

சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர் சங்கர் அண்ணன். அவருக்குச் சிறுநீர் டியூப் மாற்ற வேண்டிய நாளில், மேரி அக்கா எல்லைக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, டிரஸ்ட் ஆபீஸுக்குப் போன் செய்து அனுமதி கேட்டார். "சிஸ்டத்துல வந்தா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள். அவர் திரும்பிவிட்டார். டியூப் அடைத்துக் காய்ச்சல் வந்து, சங்கர் அண்ணனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மேனேஜர் என்னிடம் சொன்னது: "ரிப்போர்ட்ல நர்ஸ் அலட்சியம்னு போட்டுடு."

நான் ரிப்போர்ட் எழுதவில்லை. மறுநாள், மேரி அக்காவுக்கு நாலாவது மெமோ போகாதபடி என் சோதனை டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

"சாராயக் கடை புதுச்சேரிப் பக்கம் மட்டும்தான். அது தாண்டுச்சா? இனிமே தமிழ்நாடு," என்றார் டிரைவர் காதர் பாய். "அந்த வளைவுல மறுபடி கடை வரும். நம்ம ஊரு. எங்க ஊரு மாட்டுக்கே தெரியும்பா. உன் டேப்லெட்டுக்குத்தான் தெரியல."

சொல்லி முடிக்கும் முன் டேப்லெட் பூட்டிக்கொண்டது. ஒன்றரை கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள் போய்த்தான் ரோடு மறுபடி புதுச்சேரிக்குள் வருகிறது. சங்கர் அண்ணன் வீட்டுக்கு வேறு ரோடே கிடையாது.

மாற்றுத் துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த அவர் மனைவி என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "அடுத்த தரம் நர்ஸம்மா வருவாங்களா? அத மட்டும் சொல்லுங்க மேடம்," என்றார்.

4. பத்து நிமிடம்

அன்றைக்கே யாரையும் கேட்காமல் கோட்டை எடுத்தேன். பத்து நிமிட வேலை. ரிப்போர்ட்டில் எழுதினேன்: "எல்லைக் கோடு தவறு. உண்மையான ரூட்டில் சோதிக்கவில்லை. சோதிக்காமல் கையெழுத்திட்டது நான்." மேனேஜரைத் தாண்டி டிரஸ்டுக்கே நேராக அனுப்பினேன். மூன்று மெமோவையும் ரத்து செய்து டிரஸ்ட் தந்த கடிதத்தை மேரி அக்காவிடம் கொடுத்தேன்.

"எவ்ளோ நேரம் ஆச்சு சரி பண்ண?"

"பத்து நிமிஷம்க்கா."

அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "பத்து நிமிஷத்துக்கா அந்த மனுஷன் ஆஸ்பத்திரில கெடந்தாரு?"

இப்போதெல்லாம் யார் வந்து "பைலட் முடிந்தது" என்று ஃபைலை நீட்டினாலும் ஒரு கேள்வி கேட்கிறேன்: எந்த வண்டியில் உட்கார்ந்து பார்த்தீர்கள்? வண்டி நம்பர் இல்லாத ஃபைலில் என் கையெழுத்து கிடையாது.