கரப்பான் பார்க்க வந்தவருக்காகக் கழுவிய குசினி

2012இல், சுவிஸில் துன் நகரத்து வாடகை வீட்டின் குசினியில் முதல் கரப்பானைக் கண்டபோது, அதை அடிப்பதற்கு முன் என் கணவர் யன்னல் திரையைத்தான் இழுத்து மூடினார்.

“ஒருத்தருக்கும் வாய் திறக்காதையும். தமிழற்றை சமையலாலைதான் வந்ததெண்டு எங்களை எழுப்பிப் போடுவாங்கள்.”

இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் அவருக்கு வேலை. சொந்த வீட்டில் பூச்சி என்பது அவருக்கு மானப் பிரச்சினை. எனக்கோ வீடு போய்விடுமோ என்று பயம். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கு நடந்து போகிற வீடு. விட்டால் இன்னொன்று கிடைக்காது. இரண்டு கிழமை ஒளித்து ஒளித்து மருந்தடித்தேன். குறைந்தால்தானே.

பொறுமை கெட்டு, வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் இடத்துக்கு ஓடினேன். பூச்சி நாங்கள் கொண்டுவந்ததில்லை என்றால் அதை ஒழிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பாம். கண்டும் சொல்லாமல் இருப்பதுதான் எங்கள் பிழையாம். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அன்றே வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபால் போட்டேன். பூச்சி ஒழிப்பவர் செவ்வாய்க்கிழமை வந்து பார்த்து எழுதித் தருவார் என்று பதில் வந்தது. அவர் என்ன எழுதுகிறாரோ, அதுதான் எங்கள் தலையெழுத்து.

குசினியில் நான் வைத்த ஒட்டுப்பொறிகளில் கரப்பான்கள் ஒட்டிக் கிடந்தன. அவைதான் சாட்சி. “ஒண்டையும் தொடாதேங்கோ” என்று கணவருக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். செவ்வாய் அவருக்கு லீவு. கடைக்குப் போய்த் திரும்பினால், படியிலேயே குளோரின் மூக்கைத் துளைத்தது. குசினி மினுங்கியது. பொறிகள் குப்பையோடு போய்விட்டன.

“வீட்டுக்கு ஒரு ஆள் வரேக்கை ஊத்தையா விடுறதோ?” என்றார், கையில் துணியோடு.

எனக்கு வந்ததே கோபம்! கரப்பான் பார்க்க வருகிறவருக்காகக் கரப்பானைக் கூட்டி அள்ளுகிற சனம் எங்களைத் தவிர எங்கே இருக்கிறது? நான் வாய் திறப்பதற்குள் மணி அடித்தது.

வந்தவர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். “பூச்சி இல்லாத வீடு இப்படி மணக்காது” என்றார். முழங்காலில் இருந்து, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பலகையைக் கழற்றி, சுவருக்குள் குழாய்கள் ஏறும் இடுக்கில் டோர்ச் அடித்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ஐயோ, உள்ளே மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தன. கரப்பானைக் கண்டு நான் அப்படிச் சந்தோஷப்பட்டது வாழ்நாளில் அன்றுதான். கட்டடத்தின் குழாய்வழியாக வருகிறது, வீட்டுக்காரர் பொறுப்பு என்று அவர் எழுதியதை நின்ற நிலையில் மூன்று தரம் வாசித்தேன்.

மற்ற வீடுகளையும் பார்க்க வேண்டும் என்றார். நாங்கள் இருவரும் அவருக்குப் பின்னால் ஏறினோம். மேல்வீட்டில் தனியாக இருந்த வயதான சுவிஸ் அம்மா கதவைக் கொஞ்சமாகத்தான் திறந்தார். ஆறு வருடமாகப் படியில் வணக்கம் மட்டும் சொல்லிப் போனவர். அவருக்குப் பின்னால் மேசையில் பூச்சிமருந்துப் பேணிகள் அடுக்கியிருந்தன. வந்த விஷயத்தைச் சொன்னதும் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினார்.

“தயவுசெய்து எழுதாதீர்கள். வீட்டைப் பார்க்க எனக்கு ஏலாது என்று முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவார்கள்.”

பூச்சிக்காரர் பதில் சொல்ல முன், என் கணவர் அவரை விலத்திக்கொண்டு முன்னே போனார். நாலு மாடிக்கும் கேட்க, தட்டுத்தடுமாறும் ஜெர்மனில் சொன்னார்:

“எங்கடை வீட்டிலையும் இருக்கு, அம்மா.”